டர்ஃபில் இறங்குமுன் புல்லை விலக்கிப் பாருங்கள்

கால்பந்து ஆட மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானமான டர்ஃபுக்குப் போனதும், குனிந்து புல்லை விரலால் விலக்கிப் பாருங்கள். எந்த ஷூ என்பதை அதுதான் சொல்லும். புல் 40 முதல் 60 மி.மீ. உயரம், இடையில் கறுப்பு ரப்பர் துகள் நிறைய என்றால் செயற்கைப் புல்லுக்கான 'ஏஜி' (ஆர்டிஃபிஷியல் கிரவுண்ட்) பூட்ஸ். அதன் அடியில் குட்டைக் குட்டையாக உருண்டை ஸ்டட்கள் (பிடிப்புக்கான குமிழ்கள்) நிறைய இருக்கும். புல் குட்டையாக இருந்து மணல் மட்டும் தெரிந்தால், சின்ன ரப்பர் குமிழ்கள் கொண்ட 'டிஎஃப்' (டர்ஃப்) ஷூ. ஒரு ஜோடிக்குத்தான் காசு இருக்கிறது, ஆடுவதும் அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ்தான் என்றால் டிஎஃப்பே வாங்குங்கள்.

'எஃப்ஜி' (ஃபர்ம் கிரவுண்ட்) பூட்ஸ் இயற்கைப் புல்லுக்கானது. அதிலும் தட்டையாக நீண்ட பிளேடு ஸ்டட் இங்கே வேண்டவே வேண்டாம். மண்தரையில் வெடுக்கென்று திரும்பினால் மண் பெயர்ந்து காலை விட்டுவிடும், செயற்கை நார்ப்புல் பெயராது. பாதம் மாட்டிக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுக்க முட்டியில்தான் இறங்கும். சோதிப்பது சுலபம்: முன்பாதத்தில் எடையைப் போட்டு மெதுவாகப் பாதி வட்டம் சுற்றுங்கள். லேசாக இழுத்துப் பிடித்தபடி சுற்றினால் சரி. சிக்கி நின்றால் ஷூவை மாற்றுங்கள்.

கோல் வாசலில் துகள் சிதறித் தரை கெட்டியாகியிருக்கும். ஆட்டத்துக்கு முன் சுற்றியுள்ளதைப் பிரஷ்ஷால் தள்ளி நிரப்பச் சொல்லுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.

பந்தின் காற்றழுத்தம் விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். கெட்டித் தரையில் பந்து அதிகம் துள்ளும் என்பதால் 9-ஐ ஒட்டி வையுங்கள். பாஸை நண்பனுக்கு முன்னால் தள்ளாமல் காலுக்கே கொடுங்கள். தேய்ந்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

உச்சி வெயிலில் புல்லின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் தெளித்தாலும் கொஞ்ச நேரத்தில் பழையபடி கொதிக்கும். சித்திரை, வைகாசியில் காலை 6 மணி ஸ்லாட்டை விட்டால் இரவுதான்.

சறுக்கி விழுந்து தோல் உரிந்தால் ஆட்டம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒட்டிய துகளை எடுத்துவிட்டு, ஒட்டாத டிரெஸ்ஸிங்கால் மூடுங்கள். திறந்து விட்டால் ராத்திரி போர்வையில் ஒட்டிக்கொள்ளும். காலையில் பிய்க்கும்போது தெரியும் அதன் அருமை. கோல்கீப்பர் முட்டி மூடும் லெக்கிங்ஸ் போட்டுக்கொள்வது நல்லது.

வெளியேறும்போது கேட் அருகிலேயே ஷூவைத் தட்டி, சாக்ஸையும் உதறுங்கள். இல்லையென்றால் அந்தத் துகள் வாஷிங் மெஷினில்தான் போய்ச் சேரும்.