மாமரத்தை எப்போது, எவ்வளவு வெட்டுவது?

திருகோணமலையில் வளவுக்குள் நிற்கும் மாமரம் கூரைக்கு மேல் வளர்ந்த பிறகே பலரும் கத்தியைத் தேடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் மாரி முடிந்து, பூக்கும் காலம் நெருங்கும்போது. அது தவறான நேரம். மா, முற்றிய கொப்புகளின் நுனியிலேயே பூப்பதால், அப்போது நுனிகளை வெட்டினால் அவ்வருடக் காயையே வெட்டுகிறோம். கடைசிக் காயைப் பறித்தவுடன், கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் கவாத்துச் செய்தால், மாரி மழையில் தளிர்க்கும் கொப்புகள் தை, மாசிக்குள் முற்றிப் பூக்க ஆயத்தமாகும்.

முதலில் காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகிய கொப்புகளை அகற்றி, நடுவில் வெளிச்சம் விழச் செய்யுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் மரம் காய்ப்பதை விட்டு இலையையே தள்ளும். தடித்த கிளையை முதலில் அடிப்புறத்திலும் பின் மேற்புறத்திலும் அறுத்தால் பட்டை கிழியாது. கிளை தண்டோடு சேரும் புடைப்பை வெட்டாமல் விடுங்கள். காயம் ஆறுவது அதிலிருந்துதான். வெயில் நேரே படும் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுவது நல்லது.

கொய்யாவின் கதை வேறு. அது புதுத் தளிரிலேயே பூப்பதால், நுனிகளைச் சிறிது கிள்ளிவிட்டாலே போதும்.