கவிந்த பாறையில் புதிய ஏறுதடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைக்கு மேல் கவிந்து நிற்கும் பாறையில் தடம் அமைப்பவர் செய்யும் முதல் பிழை, உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கியபடியே போல்ட்டுகளின் (கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் பதிக்கும் உலோக ஆணிகளின்) இடத்தை முடிவு செய்வதாகும். கயிறு நேராகத் தொங்கும். பாறையோ உள்வாங்கிச் செல்லும். தற்காலிகப் பிடிமானங்களால் தம்மைப் பாறையோடு இழுத்துக் கட்டிக்கொள்பவர்கூட, தாம் தொங்கும் நிலையில் டிரில்லுக்கு வாகான இடத்தில் துளையிட்டுவிடுகிறார்; ஏறி வருபவரோ வேறொரு பிடியைப் பற்றிக்கொண்டு, மறுகையால் கயிற்றை மாட்ட வேண்டியிருக்கும். மேற்கயிற்றின் பாதுகாப்பில் அசைவுகளை ஏறிப் பார்த்து, நின்று மாட்டக்கூடிய பிடிகளைச் சாக்கட்டியால் குறித்த பிறகே துளையிட வேண்டும்.

தொடக்கத்தில் உள்ள போல்ட்டுகளில் இந்தப் பிழை எலும்பை முறிக்கும். இரண்டாவது போல்ட் 5 மீட்டரிலும் மூன்றாவது 7 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். இடுப்பு 6 மீட்டர் உயரத்தில் இருக்க, மூன்றாவதில் மாட்டுவதற்காகக் கயிற்றை இழுத்த கணத்தில் பிடி நழுவினால், இரண்டாவது போல்ட்டிலிருந்து ஏறுபவர் பக்கம் 3 மீட்டர் கயிறு இருக்கும். இடுப்பு 2 மீட்டர் உயரம்வரை இறங்கிவிடும். கயிறு நீள்வதையும் பிலே செய்பவரிடம் (கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் காப்பவரிடம்) உள்ள தளர்வையும் சேர்த்தால் கால் தரையைத் தொட்டுவிடும்.

துளையிடுமுன் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளலான ஓசை எழும் இடத்தில் போல்ட் கூடாது. பசையிட்டுப் பதிக்கும் போல்ட்டுக்குத் துளையைத் தூரிகையால் தேய்த்து ஊதாவிட்டால், பசை பாறையில் அல்ல, தூளில்தான் ஒட்டும். கடலோரமெனில் உலோகமும் முக்கியம். தாய்லாந்தின் ரைலே, டொன்சாய் சுண்ணாம்புப் பாறைகளில் துருப்பிடிக்காதவை என நம்பப்பட்ட எஃகு போல்ட்டுகள், குளோரைடு அரிப்பால் வெளியே தெரியாமல் விரிசல் கண்டு முறிந்தன. அதனால்தான் அங்கே டைட்டானியம் போல்ட்டுகளைப் பசையிட்டுப் பதிக்கிறார்கள்.

ஏற முடியவில்லை என்பதற்காகப் பிடிகளைச் செதுக்குவது, என் பார்வையில், மன்னிக்க முடியாத தவறு. இன்று ஒருவரால் முடியாததை நாளை இன்னொருவர் ஏறுவார்: பிரான்சின் செயூஸ் பாறையில் ஏறுநர் ஜான்-கிறிஸ்டோஃப் லஃபாய் 1989இல் போல்ட் பதித்த தடத்தை முழுமையாக ஏறி முடிக்க, 2001இல் கிறிஸ் ஷர்மா வர வேண்டியிருந்தது.

ஏறுபவர் செய்யும் பிழைகளில் பலரும் அறியாதது, இறங்கும்போது நேர்வது. போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் கொக்கிப்பட்டைகளான க்விக்டிராக்களைக் கழற்றி வருபவர், பாறையை விட்டு விலகாதிருக்க, பிலே செய்பவரிடம் செல்லும் கயிற்றோடு தம்மை இணைத்துக்கொள்வார். அந்த இணைப்பு இருக்கும்போதே முதல் போல்ட்டின் க்விக்டிராவைக் கழற்றினால், அவர் ஊசல்போல வெளியே வீசப்படுவதோடு, பிலே செய்பவரையும் இழுத்துச் செல்வார். இணைப்பை முதலில் விடுவித்து, வீச்சின் வழியில் மரமோ கல்லோ இல்லையெனப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால், அந்த ஒன்றை விட்டுவிட்டுத் தரையிறங்கி, பிறகு நீள்கோலால் எடுத்துக்கொள்ளலாம்.