எர்த் இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்? வீட்டு மின் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவு அரைக்கும்போது கிரைண்டர் கையைச் 'சுர்' என்று இழுத்தால் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வதும், காலடியில் ஒரு மரப்பலகையை இழுத்துப் போட்டுக்கொள்வதும் நம் வீடுகளில் பழகிப்போன வைத்தியம். செருப்பு நம்மைக் காக்கலாம். ஆனால் கிரைண்டரின் உடலுக்கு வந்துவிட்ட மின்சாரம் அங்கேயேதான் இருக்கிறது, ஈரக் கையோடு அடுத்து வந்து தொடும் குழந்தையின் காலில் செருப்பு இருக்காது. உலோக உடல் கொண்ட கருவி ஒன்று தொட்டால் சுர்ரென்கிறது என்றால், பெரும்பாலும் அதன் எர்த் கம்பி, அதாவது உடலுக்கு வந்துவிடும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் கம்பி, எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

எங்கே விட்டுப்போகிறது என்று தேடினால், பல வீடுகளில் அது பிளக்கிலேயே தெரிந்துவிடும். மூன்று பின்களில் தடித்து நீண்டிருக்கும் பின் எர்த்துக்கு உரியது. செருகும்போது முதலில் தொடவும் பிடுங்கும்போது கடைசியில் விலகவும்தான் அதை நீளமாகச் செய்கிறார்கள். அந்தப் பின்னுக்கு இடமில்லாத டூ பின் அடாப்டரில் ஃபிரிட்ஜையோ இஸ்திரிப் பெட்டியையோ மாட்டுவது, அந்த ஏற்பாடு முழுவதையும் வாசலிலேயே நிறுத்திவிடுவதாகும். பழைய சுவிட்ச் போர்டைத் திறந்தால், பச்சைக் கம்பி எதிலும் சேராமல், முனையில் டேப் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருப்பதையும் பார்க்கலாம்.

இதைவிட ஆபத்தானது, எர்த் கம்பி இழுக்காத வீட்டில் சாக்கெட்டின் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) முனையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த் முனைக்குப் போட்டுவிடும் குறுக்குவழி. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தோன்றும். ஆனால் வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்கோ அறுந்துபோனால், எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் வழியாகவே பேஸ் (மின்சாரம் உள்ளே வரும் கம்பி) மின்சாரம் நியூட்ரல் கம்பிக்கு வந்து, அந்தத் துண்டுக் கம்பியின் வழியாக ஃபிரிட்ஜின் கதவு வரைக்கும் வந்துசேரும். கம்பத்தில் பழுதுபார்த்த பின் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டாலோ, கருவியில் எந்தக் கோளாறும் இல்லாமலே அதன் உடல் 230 வோல்ட்டில் நிற்கும். இதைச் செய்வதைவிட எர்த்தே இல்லாமல் விட்டுவிடுவது மேல் என்றுகூடச் சொல்வேன்.

பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு குண்டு பல்பைப் பிடித்து, அது பளிச்சென்று எரிந்ததும் "எர்த் நல்லா இருக்கு" என்று சான்றிதழ் கொடுப்பதும் நம்பத்தக்கதல்ல. எர்த் கம்பி மண்ணில் போய்ச்சேரும் எர்த் குழியின் மின்தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 100 வாட் பல்பின் மின்தடை ஏறக்குறைய 530 ஓம் என்பதால், பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதே குழியை நம்பி, கீசரின் உள்ளே பேஸ் கம்பி உடலைத் தொட்டால் என்ன ஆகும்? 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர்தான் ஓடும். பளு மிகுந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரணப் பளு என்றே கருதி விழாமல் இருக்கும். கீசரின் உடல் தொடர்ந்து உயிரோடிருக்கும் என்பது மட்டுமல்ல, எல்லா சாக்கெட்டுகளின் எர்த்தும் ஒரே கம்பியில் சேர்வதால், கோளாறில்லாத வாஷிங் மெஷினின் உடலுக்கும் அந்த மின்னழுத்தம் போய்ச்சேரும்.

இந்த இடத்தைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்து, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது துண்டித்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்த பிறகு அது அடிக்கடி விழுந்தால், இன்வெர்ட்டர் வரிசையின் நியூட்ரலும் பொது நியூட்ரலும் கலந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைத் தேட நேரமில்லாமல் ஆர்.சி.சி.பி.யை நேரடியாகத் தாண்டி வயரை மாட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை வீட்டுக்காரர் அனுமதிக்கக் கூடாது. அதன் 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆனால் எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும் என்பதால், அதை எர்த்துக்கான சோதனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழியைப் பற்றி ஒரு வார்த்தை. 2.5 மீட்டர் நீளத்துக்குக் குறையாத ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை இறக்க வேண்டும் என்பது எர்த்துக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐ.எஸ். 3043 சொல்வது. நடைமுறையில் பாதியில் பாறை வந்தால் குழாயை அறுத்துவிடுகிறார்கள். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டிய பழைய வீடுகளில், நடுவில் ஒரு துண்டு பி.வி.சி.யாக மாறிய அன்றே அந்த எர்த் போய்விட்டது. குழியில் கரியோடு இடும் உப்பு, குழாயையும் கிளாம்பையும் மெல்ல அரித்துவிடும். ஆகவே குழியின் மின்தடையை எர்த் டெஸ்டர் கருவி கொண்டு அளக்கச் சொல்லும்போது, மழை பெய்து மண் ஊறிக் கிடக்கும் ஐப்பசியில் அளந்து நிம்மதியடையாமல், தரை வெடித்துக் கிடக்கும் சித்திரை வைகாசியில் அளக்கச் சொல்லுங்கள்.