வீடியோ கால்: மைக் செட்டிங்ஸில் எங்கே தப்பு நடக்கிறது?

"உங்க குரல் கேக்கலையே" என்று எதிர்முனையில் யாராவது சொன்னதும், பலர் விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்ற ஆரம்பிக்கிறார்கள். அது வீண் வேலை. ஜூம், டீம்ஸ் மாதிரியான செயலிகள் எந்த மைக், எந்த ஸ்பீக்கர் என்பதைத் தங்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்கின்றன. அங்கே வெப்கேம் மைக் தேர்வாகியிருந்தால் விண்டோஸில் எதை மாற்றினாலும் குரல் வெப்கேம் வழியாகத்தான் போகும். ஜூமில் மைக் பட்டனை ஒட்டியுள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் வரும். முதலில் அதைப் பாருங்கள்.

அங்கே சரியாக இருந்தும் சத்தமே போகவில்லையா? மைக் அனுமதியைப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோனுக்குள் போனால், ஜூம் மாதிரியான டெஸ்க்டாப் ஆப்களுக்கென்று தனி ஸ்விட்ச் இருக்கும். மேலே உள்ள மற்ற ஸ்விட்சுகளை மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மேக்கில் அனுமதி கொடுத்த பிறகு செயலியை ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள்.

ப்ளூடூத் ஹெட்செட்தான் ஆளைக் குழப்பும். பாட்டுக்கு அருமையாக இருந்த அதே ஹெட்செட், கால் தொடங்கியதும் பழைய டெலிஃபோன் மாதிரி கரகரக்கும். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை. வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு வேறு முறை. மைக்கையும் சேர்த்து இயக்கினால் பேச்சு முறைக்கு மாறி, ஒலியின் சாம்பிளிங் வேகம் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இதற்காக டிரைவரை (ஹெட்செட்டை இயக்கும் மென்பொருளை) அழித்துத் திரும்பப் போடுவதில் பலனில்லை. கேட்பதற்கு ஹெட்செட், பேசுவதற்கு லேப்டாப் மைக் என்று பிரித்து வைத்தால் போதும். என்னைக் கேட்டால், முக்கியமான கால் என்றால் வயர் ஹெட்செட்தான்.

குரல் சன்னமாக இருக்கிறதென்று இன்புட் வால்யூமை நூறில் வைத்து, மைக் பூஸ்ட்டையும் (மைக் ஒலியைக் கூடுதலாகப் பெருக்கும் செட்டிங்) கடைசிவரை ஏற்றாதீர்கள். உங்கள் குரலோடு ஃபேன் சத்தமும் பக்கத்து அறை குக்கர் விசிலும் ஏறும். மைக்கை வாய்க்குக் கொஞ்சம் அருகில் கொண்டுவருவதே நல்லது. அப்புறம், ஜூமில் மைக் வால்யூமைத் தானாகச் சரிசெய்யும் டிக் ஒன்று உண்டு. அது போட்டிருக்கும்வரை நீங்கள் வைத்த அளவு நிலைக்காது.

ஒரே அறையில் ஃபோனும் லேப்டாப்பும் ஒரே வீடியோ காலில் இருந்தால் காது கிழியும். ஒன்றில் மைக்கை மட்டும் அணைத்தால் போதாது, ஸ்பீக்கரையும் அணைக்க வேண்டும்.