ஸ்கோப் மாட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

பயிற்சிக் களத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்று மணிக்கணக்கில் பேசிவிட்டு, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மட்டும் அவசர அவசரமாக மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் நாள் முழுக்க, குறியை நகர்த்தும் குமிழான டரட்டைத் திருகிக்கொண்டு நிற்கிறார்கள். யாருக்கும் தெரிந்த சின்னச் சின்ன விஷயங்களை இங்கே எழுதவில்லை. ஒன்றை மட்டும் விட முடியாது: வேலையைத் தொடங்கும் முன் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

கைபலத்தை நம்பி ரிங்கை இறுக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மற்ற தவறுகளில் தோட்டாவும் நேரமும்தான் வீணாகும். இதில் ஸ்கோப்பே போய்விடும்.

ஒரு பையன் புது ஸ்கோப்போடு வந்தான். முதலில் விழுந்த குண்டுகள் எல்லாம் ஓரிடத்தில். அடுத்து வந்தவை ஒரு சாண் தள்ளி. உடனே அலன் கீயை எடுத்து, நீண்ட கையைப் பிடித்து, ஸ்கோப்பைக் கவ்வும் வளையங்களான ரிங்குகளின் ஸ்க்ரூக்களை ஒரு முறுக்கு முறுக்கினான். சுட்டான், மறுபடியும் விலகல். இன்னொரு முறுக்கு. கடைசியில் என்னிடம் வந்து, "அண்ணா, இதுக்கு மேல திரும்பாது. ஸ்கோப்தான் மட்டம்" என்றான். ரிங்கைக் கழற்றச் சொன்னேன். ஸ்கோப்பின் குழாயைச் சுற்றி இரண்டு இடத்தில் பளபளவென்று வளையத் தடம். நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டியது. ஜூம் வளையம் பாதி வழியில் கனத்து நின்றது. கீழே, ரிங்குகளைத் தாங்கித் துப்பாக்கியோடு சேரும் பேஸின் பின்பக்க ஸ்க்ரூவோ விரலாலேயே சுழன்றது! கோளாறு அங்கே இருக்க, தண்டனை மேலே இருந்த குழாய்க்கு. வாரன்டியில் மாற்றித் தரவும் இல்லை. அந்தத் தடத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரிங் மூடியின் ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். இது எவ்வளவு குறைவு என்பது கையில் செய்து பார்க்கும்வரை புரியாது. 8 சென்டிமீட்டர் கை உள்ள அலன் கீயின் நுனியில் இரண்டரைக் கிலோ எடை தொங்கினால் கிடைக்கும் முறுக்கு அவ்வளவுதான். சாதாரணமாக ஒருவர் கையை வைத்து அழுத்தினாலே அதைப்போல மூன்று மடங்கு வந்துவிடும். ஆனால் அந்தக் குறைந்த முறுக்கிலேயே ஒவ்வொரு ஸ்க்ரூவும் உத்தேசமாக 200 கிலோவுக்கு மேலான விசையில் மூடியைக் கீழே இழுக்கிறது. ஒரு ரிங்கில் நான்கு ஸ்க்ரூ, இரண்டு ரிங்கில் எட்டு. மெல்லிய அலுமினியக் குழாயை இதைவிட என்ன இறுக்க வேண்டும்?

குழாய்க்குள் ரெட்டிகிளை, அதாவது குறிக்கோட்டை, நகர்த்தும் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. ஒரு பக்கம் டரட் தள்ள, மறுபக்கம் ஸ்பிரிங் தள்ள, நடுவில் அது நகர வேண்டும். வெளிக்குழாய் நசுங்கினால், காகிதக் கோப்பையை இறுக்கிப் பிடித்ததுபோல வட்டம் கெடுகிறது. உள்ளே நகர்வது தடுமாறுகிறது. டரட்டில் கிளிக் கேட்கும், ரெட்டிகிள் நகராது. இரண்டு மூன்று குண்டு சுட்டபின் அதிர்ச்சியில் திடீரென்று நகரும். சுடுபவர் தன் விரலைச் சந்தேகப்படுவார், தோட்டாவைச் சந்தேகப்படுவார். கடைசியில் ரிங்கை இன்னும் இறுக்குவார்!

சரி, என்ன செய்வது? முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். வாங்கும்வரை அலன் கீயின் குட்டைக் கையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். ஒரு ஸ்க்ரூவை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. குறுக்கும் நெடுக்குமாக, கால் சுற்று கால் சுற்றாக எல்லாம் சேர்ந்து ஏற வேண்டும். மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்திருந்தால் தளர்த்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள். சொன்ன அளவுக்கு இறுக்கியும் ஸ்கோப் நழுவினால், ரிங்கில் எண்ணெய் இருக்கிறது, அல்லது ரிங் அளவு தப்பு, அல்லது கீழே எதுவோ ஆடுகிறது. 30 மில்லிமீட்டர் ரிங்கில் 25.4 மில்லிமீட்டர் குழாயை மாட்டிவிட்டு முறுக்கிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

பேஸைப் பார்க்காமல் விடுவது

ரிங்கை மாட்டிய பிறகு பேஸ் ஸ்க்ரூ பல துப்பாக்கிகளில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதை முதலில் முடியுங்கள். கடையிலேயே பொருத்தி வந்திருந்தாலும் கழற்றி, துடைத்து, சொன்ன அளவுக்கு மீண்டும் இறுக்குங்கள்.

முன்பக்க ஸ்க்ரூவின் நீளத்தைத் தனியாகக் கவனியுங்கள். பெட்டியில் ஒன்றுக்கொன்று நீளம் மாறிய ஸ்க்ரூக்கள் வரும். நீளமானது முன் துளையில் போனால் கீழே பேரலில் முட்டி நின்றுவிடும். கைக்கு நன்றாக இறுகியதுபோல் இருக்கும், பேஸோ பிடிபடவே இல்லை. சிலவற்றில் போல்ட்டின் பாதைக்குள்ளேயே நீட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனியாக இறுக்கிப் பார்த்து, போல்ட்டை மூடித் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

குண்டுகள் சிதறாமல் இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் நான் முதலில் கை வைப்பது பேஸில்தான். அது ஆடுகிறதென்றால் எவ்வளவு டரட் திருகியும் பயனில்லை. 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ரிங்குகளில் ஒன்று 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளி விழும்.

ரெயிலுக்குப் பொருந்தாத ரிங்

ரெயில் என்பது குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பேஸ் பட்டை. அதில் ஒரு வகையான பிக்காட்டினி ரெயிலின் பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம், எங்கும் சீரான இடைவெளி. இன்னொரு வகையான வீவர் ரெயிலில் பள்ளம் குறுகல், 4.57 மில்லிமீட்டர், இடைவெளியும் ஒரே மாதிரி இருக்காது. வீவர் ரிங் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும், பிக்காட்டினி ரிங் வீவரில் உட்காராது. ரிங்கின் அடியில் உள்ள குறுக்குக் கட்டை பள்ளத்துக்குள் இறங்காமல் மேட்டில் நிற்பதைக் கவனிக்காமல் இறுக்கினால் ரெயில் சிதையும்.

இறுக்கும் முன் மவுண்ட்டை, அதாவது ரிங்கின் அடிப்பாகத்தை, முன்பக்கமாகத் தள்ளி, பள்ளத்தின் முன் சுவரில் ஒட்டவையுங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் வரும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதாவது ரெயிலின்மேல் முன்னோக்கி நகரப் பார்க்கும். இடைவெளி விட்டிருந்தால் அவ்வளவு தூரமும் போய் முட்டும்.

ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் கதையே வேறு. பிஸ்டன் முன்னால் போய் மோதும்போது துப்பாக்கி சட்டென்று முன்னால் இழுபடும்; ஸ்கோப் மெல்ல மெல்லப் பின்னால் ஊர்ந்து வரும். அதைத் தடுக்க நிறுத்து முளை உள்ள மவுண்ட் வேண்டும், இருபக்க அதிர்ச்சியையும் தாங்கும் ஸ்கோப்பும் வேண்டும். பெரிய ரைஃபிளில் பல வருஷம் நின்ற ஸ்கோப்பே இதில் உடைந்துபோவதுண்டு.

ரிங்கின் உள்ளே எண்ணெய்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். குழாயையும் சேர்த்து.

சிவப்பு திரெட்லாக்கர்

திரெட்லாக்கர் என்பது ஸ்க்ரூ தானாகக் கழலாமல் மரையில் போடும் பசை. அதில் சிவப்பு வேண்டாம். கழற்ற 260 டிகிரி சூடு காட்ட வேண்டிவரும். பேஸ் ஸ்க்ரூவுக்கு நீலம் ஒரு சொட்டு போதும். ரிங் மூடிக்கு, தயாரிப்பாளர் சொல்லாவிட்டால் அதுவும் போடாதீர்கள். ஈரமான மரையில் அதே முறுக்குக்குப் பிடி கூடிவிடும்.

சாய்ந்த ரெட்டிகிள்

கிட்டத்தில் தெரியாது. குண்டு 1 மீட்டர் இறங்கும் தூரத்தில் 3 டிகிரிச் சாய்வு 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளும். தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டு, குத்துக்கோட்டை அதனோடு ஒட்டிப் பாருங்கள். கடைசி இறுக்கத்தில் ஸ்கோப் லேசாகச் சுழலும் என்பதால் முடித்தபின் மறுபடியும் பாருங்கள்.

மேஜைமேல் வைத்தே கண் தூரம் பார்ப்பது

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தைச் சுடும் நிலையில்தான் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக் கன்னத்தைப் பதித்து, அப்புறம் திறந்து பாருங்கள். அதிகபட்ச ஜூமில்.

போர்சைட் செய்ததும் ஜீரோ ஆகிவிட்டதென்று நினைப்பது

ஜீரோ என்றால் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழுவது. போர்சைட் என்பது சுடாமலேயே ஸ்கோப்பைப் பேரலோடு உத்தேசமாக ஒத்துவைப்பது. அது முதல் குண்டைக் காகிதத்தில் விழவைப்பதற்கு மட்டும். 25 மீட்டரில் தொடங்கி, நிதானமாகச் சுட்டு, பிறகு தூரத்துக்குப் போங்கள். போகும் முன் ஸ்க்ரூத் தலையிலிருந்து மவுண்ட் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். அடுத்தமுறை குண்டு விலகும்போது, அலன் கீயை எடுக்கும் முன் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடையாவிட்டால் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்.