ஓலை முடைந்து காட்டி விற்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு கண்காட்சியில் என் பக்கத்துக் கடை இரண்டு இளம் பெண்களுடையது. பனையோலைப் பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை எல்லாம் வைத்திருந்தார்கள். ஒருத்தி பாயில் உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்தாள். கூட்டம் சேரச் சேர விரல் வேகமெடுத்தது. "பாருங்க, பத்தே நிமிஷம்!" என்று மூடி போடாத பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். கைதட்டினார்கள். எனக்குப் பகீர் என்றது. சில வருடங்களுக்கு முன் நான் ஆடிய அதே கூத்து.

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், க்யூஆர் அட்டையை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் அதற்குள் போகவில்லை.

கடை நடுவில் பாய் விரிப்பது

வேடிக்கை பார்க்கிறவர்கள் சரக்கை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். வாங்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பாய்க்கு இடம் கடையின் மூலைதான். முடைகிறவரே காசும் வாங்கக் கூடாது. ஈரக் கையோடு போனைத் தடவிக்கொண்டிருந்தால் இரண்டு வேலையும் கெடும்.

வேகத்தைக் காட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, தாம்பூலத்துக்கு ஓலைப்பெட்டி கேட்டு வருபவர்கள் கூடினார்கள். அந்த வருடம் ஐப்பசியில் ஒரு கண்காட்சி. கல்யாண வேலைகளை மொத்தமாக எடுத்துச் செய்யும் ஒருவர் வந்து நின்றார். நான் ஒரு கையளவு பெட்டியைப் பதினைந்து நிமிடத்தில் முடைந்து அவர் கையில் கொடுத்தேன். பெருமைதான், வேறென்ன. அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை, போனில் கணக்குப் போட்டார். மணிக்கு நாலு, எட்டு மணி நேரத்துக்கு முப்பத்திரண்டு, நாலு பேர் உட்கார்ந்தால் நூற்று இருபத்தெட்டு. "அறுநூறு பெட்டி உங்களுக்கு அஞ்சு நாள் வேலைக்கா. நான் இருபது நாளே தர்றேன். முப்பது ரூபா போட்டுக்குங்க." சுற்றிலும் ஆள் நிற்கிறது. சரி என்று தலையாட்டி ஐயாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டேன்.

அவர் பார்த்தது அடிப்பெட்டியை மட்டும். அதற்கு மூடி வேண்டும், விளிம்பு மடித்துச் செருக வேண்டும், துருத்தும் முனைகளை நறுக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்கும் முன்னால், வடலியில், அதாவது இளம் பனையில், குருத்து வெட்டி, வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஈர்க்கு கழித்து, ஒரே அகலத்தில் வார்ந்து, ஒரு பகுதியைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி, மறுபடி உலர்த்தி வைத்திருந்தேன். நினைத்தபோதெல்லாம் குருத்தும் கிடைக்காது. ஒரு பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு குருத்துதான் விடும். அத்தனையையும் வீட்டிலேயே முடித்து, வார்ந்த ஓலையைக் கட்டாக எடுத்துப் போயிருந்தேன். கண்காட்சியில் தெரிந்தது கடைசிப் பதினைந்து நிமிடம்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் பட்ட ஓலையில் கரும்புள்ளி விழும், அதைத் துடைத்தாலும் போகாது. பாதி ஓலையைத் தூக்கிப் போட்டோம். மதினியும் சித்தியும் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து முடித்தார்கள். சரியாக உலராத பெட்டிகளை அவசரத்தில் பாலித்தீன் உறையில் அடுக்கி லாரியில் ஏற்றிவிட்டேன். அங்கே பிரித்தபோது நூற்று எழுபது பெட்டியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், மூடியின் உள்பக்கம் பஞ்சு ஒட்டினாற்போல இருந்தது. மிச்சப் பணம் வரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

இப்போது நான் சின்னப் பெட்டி முடைந்து காட்டுவதே இல்லை. நாள் முழுக்க இழுக்கும் பெரிய பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வேன். "இது எப்போ ஆரம்பிச்சது?" என்றால் "நேற்றுக் காலையில". பக்கத்தில் ஒரு பலகையில் மடல் விரியாத குருத்து, காய்ந்த ஓலை, கழித்த ஈர்க்கு, வார்ந்த கட்டு, சாயம் ஏறியது, அடி, மூடி என்று வரிசையாகக் கிடக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஈர்க்குக் குவியலைத் தொட்டுப் பார்த்தவர் பேரம் பேசினாலும் பத்து ரூபாய்க்கு மேல் குறைக்கச் சொல்வதில்லை. மொத்த ஆர்டர் வந்தால் கடையில் வைத்து விலை சொல்வதில்லை. நம்பரை வாங்கிக்கொள்வேன். கையில் எவ்வளவு காய்ந்த ஓலை இருக்கிறது என்று வீட்டில் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. கார்த்திகையில் கேட்டால் பொங்கலுக்குப் பிறகு வரச் சொல்வேன்.

நம்மூர்க் காற்றை எங்கும் எதிர்பார்ப்பது

கடற்கரை ஊரில் ஓலை தானாக வளையும். ஹரியானாவின் சூரஜ்குண்ட் கைவினை மேளா நடப்பது பிப்ரவரியில். அந்த வறண்ட காற்றில் மடிக்கிற இடமெல்லாம் அப்பளம் மாதிரி படபடவென்று உடைந்தது. அன்றன்றைக்கு வேண்டிய ஓலையை மட்டும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். கூடுதலாக நனைத்தால் மேலே சொன்ன பூஞ்சணக் கதைதான்.

எல்லாவற்றையும் "செட்டிநாட்டுக் கொட்டான்" என்பது

அது புவிசார் குறியீடு பெற்ற பெயர். அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் இருக்கும் அந்தக் கொட்டான் வேறு, நம் பெட்டி வேறு. செட்டிநாட்டிலிருந்து ஒரு ஆச்சி வந்து பேனரைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டால், அன்றைக்கு முழுக்க நிமிர்ந்து உட்கார முடியாது.

"மரத்தை வெட்டினீங்களா?" என்ற கேள்விக்குக் கோபப்படுவது

தினமும் பத்துப் பேர் கேட்பார்கள். குருத்து மட்டும் எடுக்கிறோம், மரம் நிற்கிறது என்று சொன்னால் போதும். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. இதைச் சொல்லும்போது பெரும்பாலும் கையில் எதையாவது எடுத்துவிடுவார்கள்.

பரிதாபத்தை விற்பது

வேண்டாம்.

பிள்ளைகளை விரட்டுவது

நாலு துண்டு ஓலை கொடுத்து மீன் முடையச் சொல்லுங்கள். அம்மா பத்து நிமிடம் அங்கேயே நிற்பார்.

பாதிப் பெட்டியை விற்க மறுப்பது

கடைசி நாள் சாயங்காலம் யாராவது ஒருவர் மடியில் இருக்கும் பாதி முடைந்ததைத்தான் கேட்பார், ஓலை நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருப்பது அழகாம். நான் கொடுத்துவிடுவேன். விலை மட்டும் முழுப்பெட்டிக்கு.