சென்னையில் பால்புதுமையருக்கு ஒரு சமூக மையம் தொடங்க

பால்புதுமையருக்கு, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோருக்கு, மையம் தொடங்க விரும்பி யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம், அட்வான்ஸ் எவ்வளவு ஆகும் என்பதைத்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் பதில். முதலில் வேண்டியது ஒரு கிழமையும் ஒரு மணியும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணி என்று வைத்துக்கொண்டால், இரண்டே பேர் வந்தாலும், மழை பெய்தாலும், அந்த நேரத்தில் அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓராண்டு அப்படி நடத்த முடிந்தவர்களுக்கு வீடு தேடும் தகுதி வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சென்னையின் அனுபவமும் ஏறத்தாழ இதுவே. திருநங்கையருக்கு ஜமாத் எனப்படும் அவர்களின் சமூகக் குழுவும், மூத்த திருநங்கையான குருவின் வீடும், பதிவுச் சான்றிதழ் எதுவும் இல்லாமலேயே நெடுங்காலமாகப் புகலிடமாக இருந்து வருகின்றன. 1998இல் இச்சமூகத்தினருக்கான சகோதரன் அமைப்பு தொடங்கப்பட்டது. 2003இல் வேறொரு பெயரில் சிறு வட்டமாகக் கூடத் தொடங்கியவர்களின் குழுவே பின்னாளில் ஓரினம் என்ற அமைப்பு ஆயிற்று. 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் வானவில் பேரணி நடந்தபோது, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு குறித்த தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. சட்டம் வழிவிடும் வரை அவர்கள் யாரும் காத்திருக்கவில்லை.

கூடும் இடம் எலியட்ஸ் கடற்கரையாகவோ ஒரு பூங்காவாகவோ இருக்கலாம். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். பெற்றோருடன் வசிக்கும் பெண்களும் திருநம்பிகளும் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்கள்) எட்டு மணிக்குள் வீடு திரும்பியாக வேண்டியவர்கள் என்பதை, தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆண்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். பேச்சு தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னால், வியாசர்பாடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார். எந்தச் சொல்லை ஆள்வது என்ற தகராறு வந்தால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், ஒருவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அதுவே அவருக்குரிய சொல்.

அடுத்தது பதிவு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கம் அமைக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அவர்களின் பெயர், முகவரி, தொழில் அனைத்தும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் கோப்பில் ஏறும். வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவருக்கு இந்தக் கையெழுத்து எவ்வளவு கனமானது என்பதை வெளியிலிருப்பவர்கள் உணர்வதில்லை. ஏழு பேருக்காக யாரையும் வற்புறுத்த வேண்டாம். துணிந்த ஒரு தாயோ தோழியோ கையெழுத்திட முன்வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஆள் தேறாவிட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளையாகப் பதிவு செய்வதற்கு அவ்வளவு பேர் தேவையில்லை. வெளிநாட்டு நன்கொடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்: அதற்கான பதிவைப் பெற மூன்று ஆண்டுகள் இயங்கியிருப்பதோடு, அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும் என்பது பொது விதி.

வீடு பார்க்கும்போது உரிமையாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். "யாரெல்லாம் வந்து போவாங்க?" என்று கேட்டவரிடம், டியூஷன் சென்டர் என்று சொல்லி ஒரு மாடி வீட்டை எடுத்தோம். நான்காவது மாதம் சேலையணிந்த திருநங்கை ஒருவர் படியேறி வருவதைப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார். வெள்ளையடிக்கவென்று பிடித்துக்கொண்டது போக, அட்வான்ஸில் பாதிதான் கைக்கு வந்தது. பொய் சொல்லி எடுத்த வீட்டுக்காக வாதாட எங்களுக்கு வாய் வரவில்லை. அடுத்த வீட்டுக்குப் பதினொரு பேரிடம் உண்மையைச் சொல்லி, பதினொரு முறை மறுக்கப்பட்டு, பன்னிரண்டாவதாக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சம்மதித்தார். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்பவரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். தரைத்தளமாகவும் தனி வாசல் உள்ளதாகவும் கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினாலும் விட்டுவிடாதீர்கள்.

வருகைப் பதிவேடு வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய நோட்டு மேசைமேல் கிடந்தால், குடிநீர் கேன் போட வருகிறவர்கூட அதைப் புரட்டிப் பார்த்துவிட முடியும். புகைப்படத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

காவல்துறை வரும் நாளுக்கு ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்த இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு சேர்ந்திருப்பவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்கிறது. பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதையும் அதே உத்தரவு தடை செய்தது. 2022இல் திருத்தப்பட்ட காவலர் நடத்தை விதிகள் இச்சமூகத்தினரை மட்டுமன்றி, அவர்களுக்காகப் பணியாற்றுவோரைத் துன்புறுத்துவதையும் தடுக்கின்றன. இரண்டையும் அச்செடுத்து வையுங்கள். வாசலில் நிற்கும் காவலரிடம் குரலை உயர்த்துவதைவிடத் தாளை நீட்டுவது பலன் தரும். பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் வீட்டைவிட்டு வந்துவிட்டால் இரவு தங்கவைக்க வேண்டாம். 1098இல் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்து, ஆள் வரும்வரை உடனிருங்கள்.

சாவி மூவரிடம் இருக்கட்டும். வரவுசெலவை மாதந்தோறும் சுவரில் ஒட்டிவிடுங்கள். முதல்நாள் கூட்டத்துக்குச் சற்று முன்பாகவே ஒருவரை எதிரிலுள்ள டீக்கடைக்கு அனுப்பிவையுங்கள். முதல்முறை வருகிறவர் பெரும்பாலும் நேராக உள்ளே வருவதில்லை. அங்கே நின்று, குடித்து முடித்த கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் எதையும் கேட்க வேண்டாம். இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும்.